ஒன்பது வெற்றிகளும் ஒரு புள்ளிக் குறையும்

வாசகர் கேள்வி – பதில்: மோட்டார் ஓட்டப் பகுதி

சென்ற இதழில், 1983ஆம் ஆண்டின் பிரித்தானிய ஃபோர்முலா 3 சம்பியன்ஷிப் பற்றி அரைப்பக்கக் குறிப்பொன்று வெளியாகியிருந்தது. பிரேசிலின் அயர்ட்டன் சென்னா முதல் ஒன்பது ஓட்டங்களையும் தொடர்ந்து வென்றார், இருந்தும் இங்கிலாந்தின் மார்ட்டின் பிரண்டில் அவரை எட்டிப்பிடித்து முந்தினார், இருபதாவது ஓட்டத்திலேதான் பட்டம் யாருக்கு என்பது தீர்ந்தது என்பவையே அக்குறிப்பின் சாரம். அதைப் படித்துவிட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதும் அந்த ஒரு பருவத்துக்கே ஒதுக்கப்படுகிறது. பலரும் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: ஐயா, ஃபோர்முலா 1 பற்றித் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். ஃபோர்முலா 3 என்பது என்ன? ஒரு நாட்டின் உள்ளூர்ப் போட்டிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?
– ஓர் ஆசிரியை, கொட்டகலை

பதில்: சக்கரங்கள் நான்கும் உடலுக்கு வெளியே திறந்தபடி இருக்க, ஒருவர் மட்டும் அமரக்கூடிய ஓட்டக் கார்களில் பல படிகள் உண்டு. அவற்றில் ஃபோர்முலா 3 நடுப்படி. 1983இல் அந்தக் கார்களில் பூட்டப்பட்டவை, சாதாரணமாகத் தெருவில் ஓடும் கார்களின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு திருத்திய 2 லீற்றர் எஞ்சின்கள். எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே துவாரத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி இருந்ததால், எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் ஏறத்தாழ 160 குதிரைவலுவுக்கு மேல் பெரிதாக எதையும் கறந்துவிட முடியாது. சென்னாவும் பிரண்டிலும் ஓட்டியவை ஒரே வகைக் கார்கள். அவுஸ்திரேலியரான ரொன் டொரனக்கின் நிறுவனம் கட்டிய ரால்ட் ஆர்.டி.3 உடலில், இத்தாலியின் நோவாமோட்டர் நிறுவனம் தயார்செய்த டொயோட்டா எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது. சென்னாவின் அணி, நியூசிலாந்துக்காரரான டிக் பெனெட்ஸ் நடத்திய வெஸ்ட் சரே ரேசிங். பிரண்டிலின் அணியை நடத்தியவர் அயர்லாந்துக்காரரான எடி ஜோர்டன்.

உள்ளூர்ப் போட்டி என்று நீங்கள் எழுதியிருப்பது பெயரளவில் சரிதான். ஆனால் 1951இல் தொடங்கி 2014 வரை நடந்த அந்தப் போட்டிக்கு உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபோர்முலா 1 அணிகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்ததும், அவற்றின் முதலாளிமார் சனி, ஞாயிறுகளில் இந்த ஓட்டங்களை எட்டிப் பார்த்ததும் அதற்குக் காரணங்கள். பின்னாளில் கோயம்புத்தூரிலிருந்து போன நாராயண் கார்த்திகேயனும் 1990களின் இறுதியில் இதே போட்டியில் ஓட்டியவர்தான்.

கேள்வி: ஒன்பது ஓட்டங்களை வரிசையாக வென்ற ஒருவர், எப்படிப் பின்தங்க முடியும்? கணக்கு எனக்கு விளங்கவில்லை.
– உயர்தர வகுப்பு மாணவர், ஹட்டன்

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் இதுவே முக்கியமானது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பருவத்தில் முதலாம் இடத்துக்கு 9 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 6, அடுத்து வருவோருக்கு முறையே 4, 3, 2, 1 என வழங்கப்பட்டன. ஓட்டத்தில் மிக வேகமான சுற்றை ஓடியவருக்கு மேலதிகமாக 1 புள்ளி உண்டு. இப்போது ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். சென்னா வெல்கிறார், பிரண்டில் இரண்டாவதாக வருகிறார் என்றால், ஒரு ஓட்டத்தில் சென்னாவுக்குக் கிடைக்கும் இலாபம் 3 புள்ளிகள் மட்டுமே. வேகமான சுற்றும் அவருடையதானால் 4. மறுபுறம், சென்னா மோதி விலகுகிறார், பிரண்டில் வெல்கிறார் என்றால், ஒரே பிற்பகலில் 9 அல்லது 10 புள்ளிகள் பறிபோகின்றன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகச் சிறுகச் சேர்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும் என்பதுதான் அந்தப் புள்ளிமுறையின் உள்ளிருந்த பொறி. மார்ச் தொடக்கத்திலிருந்து மே முடிவுவரை சென்னா ஒன்பது முறை வென்றபோது பத்திரிகைகள் பட்டம் முடிந்துவிட்டது என்று எழுதின. ஆனால் அந்த நாட்களில் பெரும்பாலும் அவருக்குப் பின்னாலேயே இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பிரண்டில், ஒவ்வொரு முறையும் 6 புள்ளிகளைச் சேமித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜூனில் காற்று மாறியது. சில்வர்ஸ்டன் ஓடுபாதையில் பிரண்டில் வென்று சென்னாவின் தொடர் வெற்றியை நிறுத்தினார். அடுத்து வந்த காட்வெல் பார்க், மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் ஓடுபாதை. அங்கே ‘மலை’ என்றே அழைக்கப்படும் ஒரு மேட்டில் ஏறும்போது கார்களின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். முதல் வரிசையின் முதல் இடத்தை ஏற்கெனவே பெற்றுவிட்டிருந்த சென்னா, அதையும் விட வேகமாக ஓட முயன்று, புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிகாண் ஓட்டத்திலேயே காரை நொறுக்கிக்கொண்டார். அன்று அவரால் ஓட்டத்தைத் தொடங்கவே முடியவில்லை. கையில் இருந்த இடத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே போதுமானதாக இருந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் இழந்தார் என்பதால், அந்தப் பருவத்தில் அவர் செய்த தவறுகளில் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். பின்னர் ஸ்னெட்டர்டனில் பிரண்டிலை முந்தப் போய் விலகினார். ஓகஸ்டில் ஓல்டன் பார்க்கில் இருவரும் மோதிக்கொண்டார்கள். இடையிடையே சில்வர்ஸ்டனில் சென்னா வெல்லாமல் இல்லை. ஆயினும் பருவத்தின் கடைசி ஓட்டத்துக்காக ஒக்டோபரில் துரக்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தபோது, பிரண்டில் ஒரு புள்ளியால் முன்னால் நின்றார்.

கேள்வி: இருபது ஓட்டங்களில் சிறந்த பதினேழு மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒழுங்காக எல்லா ஓட்டங்களையும் முடித்தவருக்கு இது அநியாயம் அல்லவா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், தலவாக்கலை

பதில்: அநியாயம் என்ற சொல்லை நான் பயன்படுத்தத் தயங்குவேன். ஆனால் அந்த விதி யாருக்குச் சாய்ந்தது என்பதில் சந்தேகமில்லை.

உங்களுக்குப் பழக்கமான செக்ரோல் புத்தகத்திலிருந்தே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரவுப் பதிவிலிருந்தே, சொல்லலாம். முன்னர் தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான கூட்டொப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்தது. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்குக் குறையாமல் வந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. அதாவது, ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாலும், இடைக்கிடை வராமல் விட்டவர் அதை இழந்தார். 1983இன் ஃபோர்முலா 3 விதி இதற்கு நேர் எதிரானது. வராத மூன்று நாட்களை மன்னித்துவிட்டு, எல்லா நாளும் வந்தவருடைய மூன்று நாள் உழைப்பைப் புத்தகத்திலிருந்து வெட்டிவிடும். சென்னாவிடம் சுழியங்கள் போதுமான அளவு இருந்ததால் வெட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பிரண்டிலோ ஏறக்குறைய எல்லா ஓட்டங்களிலும் புள்ளிகளோடு வந்தவர். அதனால், பருவத்தின் முடிவு நெருங்கியபோது, அவர் புதிதாகப் பெற்ற சிறு புள்ளிகள் கணக்கில் ஏறவே இல்லை.

கடைசி ஓட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் இது கண்கூடு. துரக்ஸ்டனுக்கு வரும்போது பிரண்டில் 123, சென்னா 122. சென்னா அன்று வென்று 9 புள்ளிகளையும் வேகமான சுற்றுக்கான 1 புள்ளியையும் பெற்று 132க்கு உயர்ந்தார். அமெரிக்கரான டேவி ஜோன்ஸ் இரண்டாவதாகவும், பிரண்டில் மூன்றாவதாகவும் வந்தார்கள். மூன்றாம் இடத்துக்கு 4 புள்ளிகள் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பிரண்டிலின் இறுதிக் கணக்கு அதே 123தான். அந்த நான்கும் விதியின் கத்தரிக்குள் போய்விட்டன.

விதிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்ததையும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் எஞ்சின்களும் கியர்பெட்டிகளும் அடிக்கடி உடைந்தன. சாரதியின் குற்றமே இல்லாத ஒரு உடைவு பட்டத்தைத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி விட்டுக்கொடுத்தார்கள். ஃபோர்முலா 1இலும் 1990ஆம் ஆண்டுவரை இதுபோன்ற முறையே இருந்தது. 1988இல் அலன் புரொஸ்ட் மொத்தமாகச் சேர்த்த புள்ளிகள் சென்னாவினுடையதை விட அதிகமாக இருந்தும், சிறந்த பதினொன்றை மட்டும் எடுத்தபோது உலகப் பட்டம் சென்னாவுக்குப் போனது. ஒரே மனிதருக்கு ஒரே வகை விதி இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், எல்லா ஓட்டங்களையும் எண்ணும் இன்றைய முறையே மேல். பார்ப்பவர்கள் தாங்களே கூட்டிப் பார்க்கக்கூடிய கணக்காக அது இருக்கிறது.

கேள்வி: ஓல்டன் பார்க் மோதலில் பிழை யாருடையது?
– ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: சென்னாவுடையது என்பது என் தீர்ப்பு. இடம் இல்லாத இடத்தில் உள்ளே நுழைந்ததால், அவருடைய கார் பிரண்டிலின் காரின் மேலேயே ஏறி நின்றது. திறந்த சக்கரக் கார்களில் ஒரு சக்கரம் மற்றதன் சக்கரத்தில் ஏறிவிட்டால் கார் ஏணியில் ஏறுவதுபோல் மேலெழும்பிவிடும். சாரதியின் தலையும் தோளும் வெளியே தெரியும்படி இருந்த அந்தக் காலத்துக் கார்களில் அது விளையாட்டல்ல. நல்ல வேளையாக இருவரும் நடந்தே வெளியேறினார்கள். ஸ்னெட்டர்டன் பற்றி இரு தரப்பும் இரண்டு விதமாகப் பேசின. அதில் நான் தலையிடவில்லை.

பிரண்டிலைப் பற்றிப் பலர் ‘தோற்றவர்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது முறை தொடர்ந்து இன்னொருவரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஓடிய பிறகு, பத்தாவது முறை அதே மனிதரை வெல்லலாம் என்ற நினைப்போடு காருக்குள் இறங்குவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு சென்னாவைத் தவறு செய்யவைத்தவரும் அவரே. பின்னால் ஒருவர் விடாமல் வந்துகொண்டிருந்ததால்தான் காட்வெல் பார்க்கும் ஓல்டன் பார்க்கும் நடந்தன.

கேள்வி: நான் மரக்கறி லொறி ஓட்டுபவன். ஜனவரிப் பனியில் விடியற்காலை புறப்படும்போது ரேடியேட்டருக்கு முன்னால் கார்ட்போட் மட்டை வைப்பது எங்கள் பழைய ஆட்களின் வழக்கம். சென்னாவும் அப்படி ஒன்று செய்தார் என்று மகன் சொல்கிறான். உண்மையா?
– நானுஓயா

பதில்: மகன் சொல்வது உண்மைதான். அது நடந்தது துரக்ஸ்டன் கடைசி ஓட்டத்தில்.

ஒக்டோபர் 23ஆம் திகதி. இங்கிலாந்தில் அது குளிர் பிடிக்கும் காலம். ஒயில் குளிர்ந்து தடித்திருக்கும்வரை, எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு அந்த ஒயிலைக் கலக்குவதிலேயே செலவாகிவிடும். 160 குதிரைவலு மட்டுமே உள்ள காரில் இரண்டு, மூன்று குதிரைகள் போனாலும் அது பெரிய நட்டம். துரக்ஸ்டனோ பிரித்தானியாவின் மிக வேகமான ஓடுபாதை. முதல் சில சுற்றுகளிலேயே முன்னால் பாய்ந்துவிட்டால் பிறகு பிடிப்பது கடினம் என்று கணக்குப் போட்ட சென்னாவும் அணியினரும், ஒயில் ரேடியேட்டரின் காற்று வெளியேறும் வாயை டேப் ஒட்டி மூடிவிட்டார்கள். காற்று ஓடாததால் ஒயில் சீக்கிரம் சூடேறியது. மற்றவர்களுக்கு முன்பாகவே சென்னாவின் எஞ்சின் முழு வலுவைத் தந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். டேப்பை எடுக்காவிட்டால் ஒயில் கொதித்து எஞ்சின் போய்விடும். எடுப்பதற்கு ஓட்டத்தின் நடுவே நிறுத்தவும் முடியாது. எனவே, ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை வெளியே நீட்டி அதைக் கிழித்தெடுக்க வேண்டியிருந்தது. இருக்கைப் பட்டிகள் இறுக்கமாக இருந்ததால் கை எட்டவில்லை. பட்டியைத் தளர்த்திக்கொண்டு எட்டிக் கிழித்தார் என்றும், பிறகு அதைத் திரும்ப ஒழுங்காக இறுக்குவதற்குள் அவர் பட்ட பாடு பெரிது என்றும் அணியினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். வென்றவரின் கதை என்பதால் இதைக் கெட்டித்தனம் என்கிறோம். ஒரு வளைவில் வழுக்கியிருந்தால் வேறு பெயர் வைத்திருப்போம்.

உங்களுடைய லொறிக்கு வருவோம். தெர்மோஸ்டற் ஒழுங்காக வேலை செய்யும் எஞ்சினுக்கு மட்டை தேவையில்லை. பழைய எஞ்சின் என்றால் பாதியை மட்டும் மூடுங்கள். சூட்டுமானியின் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி எடுத்துவிடுங்கள். ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது மட்டை உள்ளே இருந்தால் கஸ்கட்டுக்குத்தான் செலவு.

கேள்வி: எங்கள் மஹகஸ்தோட்டை, ரதல்ல ஓட்டங்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மலையகத்தில் இப்படி ஒரு சம்பியன்ஷிப் நடத்த முடியாதா?
– மோட்டார் மெக்கானிக், நுவரெலியா

பதில்: மஹகஸ்தோட்டையில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடக்கும் மலையேற்றப் போட்டிக்கு 1934ஆம் ஆண்டிலிருந்து வரலாறு உண்டு. ஆசியாவின் பழைமையான மோட்டார் போட்டிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வருபவர்கள் பலருக்கு அதுவும் ரதல்லையும் பார்க்காமல் போனால் பயணம் முழுமையாகாது. ஆனால் அங்கே ஒவ்வொரு காரும் தனியாகவே மேலே ஏறுகிறது. எதிரி மற்றொரு கார் அல்ல, கடிகாரம். முந்துவதும் இல்லை, மறிப்பதும் இல்லை. ஓரிரு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓல்டன் பார்க்கில் நடந்தது போன்ற ஒன்று மலையேற்றத்தில் நடக்கவே முடியாது.

இருபது கார்கள் ஒன்றாகப் புறப்பட்டு ஓடும் ஓட்டத்துக்கு அகலமான பாதையும், பாதை தவறிய கார் யாரையும் எதையும் மோதாமல் நிற்பதற்கான வெற்று நிலமும் வேண்டும். அதனால்தான் சில்வர்ஸ்டன், துரக்ஸ்டன், ஸ்னெட்டர்டன் ஆகிய மூன்றும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளங்களில் உருவாகின. சென்னைக்கு அருகே பழைய சோழவரம் ஓட்டங்கள் நடந்ததும், நம் நாட்டில் களுத்துறைப் பக்கம் கட்டுக்குறுந்தையில் ஓட்டங்கள் நடந்ததும் அதேபோன்ற விமான ஓடுபாதைகளில்தான். ஒரு பக்கம் மண் அணை, மறுபக்கம் பள்ளம் என்று போகும் நம் தோட்டப் பாதைகளில் சக்கரத்தோடு சக்கரம் ஓடும் ஓட்டத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்ததை இந்தப் பகுதியின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பார்க்கப் போகிறவர்கள், வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். வேகம் மிஞ்சிய கார் போவது எப்போதும் அந்தப் பக்கமே.

கேள்வி: ஃபோர்முலா 3 பட்டம் பெற்றால் ஃபோர்முலா 1 நிச்சயமா?
– பண்டாரவளை

பதில்: நிச்சயமில்லை. சென்னாவைப் போலவே 1990இல் மிகா ஹக்கினனும் 1991இல் ரூபன்ஸ் பரிக்கெல்லோவும் பிரித்தானியப் பட்டத்தை வென்று மேலே போனார்கள். 1994இல் டென்மார்க்கின் ஜான் மக்னுசன் 18 ஓட்டங்களில் 14ஐ வென்றார். சென்னாவின் 12 வெற்றிகளையும் மிஞ்சிய சாதனை அது. ஆனால் ஃபோர்முலா 1இல் அவர் சேர்த்தது ஒரே ஒரு புள்ளி. பட்டத்தை இழந்த பிரண்டிலோ 158 ஓட்டங்கள் ஓடினார். முதலிடம் ஒருமுறையும் கிட்டவில்லை. முதல் மூவருக்குள் 9 தடவை வந்தார். அதற்கு வெளியே 1988இல் ஸ்போர்ட்ஸ் கார் உலகப் பட்டத்தையும், 1990இல் ஜாகுவார் காரில் லெ மான்ஸ் 24 மணி ஓட்டத்தையும் வென்றார்.

1983இன் இருவரும் 1984 மார்ச்சில், பிரேசிலில், ஒரே நாளில் ஃபோர்முலா 1இல் அறிமுகமானார்கள். சென்னா டோல்மன் அணியில், பிரண்டில் டிரெல் அணியில். அந்த ஜூனில் சென்னா மொனாக்கோவிலும் பிரண்டில் டெட்ராய்ட்டிலும் இரண்டாம் இடம் பெற்றார்கள். பின்னர் டிரெல் அணி விதிமீறலுக்காக அந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டதால், பிரண்டிலின் புள்ளிகள் மறுபடியும் வெட்டப்பட்டன.

கேள்வி: நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எங்காவது வழி உண்டா?
– ஒரு தந்தை, மஸ்கெலியா

பதில்: திறந்த சக்கரக் கார்கள் ஓடும் தேசியப் போட்டிகளில் நமக்கு மிக அருகில் இருப்பவை தமிழ்நாட்டில்தான். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அவை நடக்கின்றன. சுசுக்கி ஸ்விஃப்ட் காரின் 1.3 லீற்றர் எஞ்சின் பூட்டிய ஃபோர்முலா எல்.ஜி.பி. வகையே அங்கு செலவு குறைந்த தொடக்கம். அதற்கு மேலே 2023 முதல் இந்திய ஃபோர்முலா 4 நடக்கிறது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய நகர வீதிகளில் இரவில் ஓடியது அந்தப் போட்டிதான். ஆனால் காருக்கு முன்னால் கார்ட்டிங், அதாவது கூரையில்லாத சிறு ஓட்ட வண்டியான கார்ட்டை ஓட்டும் பயிற்சி, வேண்டும். சென்னாவே சிறுவயதில் கார்ட்டில் தொடங்கியவர். முதலில் வாடகைக் கார்ட்டில் சில பிற்பகல்கள் ஓடவிட்டுப் பாருங்கள். செலவுக் கணக்கைப் பிள்ளையின் முன்னிலையிலேயே எழுதுங்கள். டயருக்கும் எஞ்சின் திருத்தத்துக்கும் போகும் தொகையை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர்களே பெரும்பாலும் பாதியில் திரும்புகிறார்கள்.